தவசிக்கனி மண்டபத்தில் வெள்ளிக்கிழமைப் படம்

மாப்பிள்ளைக்கு மோதிரம் போட மேடையேறிய தாய்மாமன் பாதிப் படியில் நின்று தன் இடது காலைத் தேடிக்கொண்டிருந்தார், பன்னீர் தெளிக்க நின்ற பெண்ணுக்குச் சொம்பு கையை விட்டுப் போனதுகூடத் தெரியவில்லை, பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவன் வாளியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான், முன்வரிசைப் பெரிய மனிதர்கள் ஒரு மாப்பிள்ளையை இரண்டு மாப்பிள்ளையாகப் பார்த்து எவனுக்குச் சால்வை போடுவது என்று விழித்தார்கள், இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள் மட்டும் கேமரா பரணிலிருந்து டக்டக்கென்று இறங்கி, சிந்திய சாம்பாரை ஒரே தாவாகத் தாவி, மண்டபத்தின் குறுக்கே ஓடினான். அவன்தான், ஊரே சேர்ந்து குடிகாரன் என்று சர்டிபிகேட் கொடுத்து வைத்திருந்த சொரிமுத்து.

எதற்கு ஓடினான் என்று கேட்டால் பெரிய காரணமெல்லாம் இல்லை. கால் ஓடியது, அவனும் கூடப் போனான். வாசல் வாழைமரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்து, சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்டாட்டி ராஜகனியின் முன்னால் நின்று, "ஏ, நடக்கேன் பாரு" என்றான். பையில் எதையோ துழாவிக்கொண்டிருந்ததால் திரையைப் பார்க்காமல் போன ராஜகனிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் புருஷனைப் பார்த்தாள், சுற்றிலும் சரிந்து கிடந்த சொந்தபந்தங்களைப் பார்த்தாள், திரைப்பக்கம் திரும்பப் போனவள் சட்டென்று கண்ணைப் பொத்திக்கொண்டு, "அட பாவி மனுசா, நம்ம வீட்டுப் படத்தையா போட்டு விட்டீங்க?" என்றாள்.

அதைத்தான் போட்டிருந்தான். கன்னியாகுமரிக் கடற்கரையில் பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து ஓடுகிற பாட்டைப் போடச் சொல்லியிருந்தார்கள். கண் மங்கலாக இருந்ததில் பக்கத்து ஃபைலை அமுக்கிவிட்டான். ஆகவே மணமக்கள் சிரித்துக்கொண்டு ஓட வேண்டிய எல்.இ.டி. திரையில், லுங்கி கட்டிய சொரிமுத்து கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தான். போய்க்கொண்டே இருந்தான். அந்தத் தூரத்தை நல்ல காலுள்ளவன் ஒரு தும்மலில் கடந்துவிடுவான்.

சொரிமுத்து புதுக்கிணறு என்கிற ஊரில் கல்யாண வீடியோ எடுப்பவன். முதலில் அவனுடைய இடது கால் மரத்தது, பிறகு கண் மங்கியது, சில நாள் ஒன்று இரண்டாகத் தெரிந்தது, சும்மா உட்கார்ந்திருந்தாலே நாலு லாரி மூட்டை இறக்கினவன் மாதிரி அசதி வந்தது, ஒன்றுக்கு வருகிறதென்றால் அந்த நிமிஷமே வருகிறதென்றானது. ஊர் இதையெல்லாம் கூர்ந்து கவனித்து, அறிவுள்ள ஊர் என்பதால், "காலையிலயே ஊத்தியாச்சா வே?" என்ற முடிவுக்கு வந்தது. திருநெல்வேலி டாக்டர் மட்டும் படமெல்லாம் எடுத்துப் பார்த்து, இதற்குப் பெயர் மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ், கரண்டு ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் இருக்கிற மாதிரி நரம்புக்கு மேலே ஓர் உறை இருக்கிறது, அதை உங்கள் உடம்பே கடித்துத் தின்கிறது என்றார். ஏன் தின்கிறது என்று கேட்டதற்குத் தெரியாது என்றார். சொரிமுத்துக்கு அந்த டாக்டரை ரொம்பப் பிடித்துப்போனது. அதுவரை அவன் சந்தித்த அத்தனை பேருக்கும் காரணம் தெரிந்திருந்தது. கண்ணேறு, வாயு, போன ஜென்மம், புரோட்டா.

அந்த ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண்தான், "அண்ணே, நீங்கதான் வீடியோக்காரராச்சே, தினமும் உங்களையே கொஞ்சம் எடுங்க, இந்த நோவு உள்ளவங்க சில ஊர்ல அப்படிப் படம் எடுத்து நாலு பேரோட உக்காந்து பாக்காங்க, பாரம் கொறையுதாம்" என்றாள். அவள் சொன்னது மனபாரத்தை. புதுக்கிணற்றில் மொத்தப் பாரமும் குறைந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சொரிமுத்து அதை ஒழுங்காகத்தான் எடுத்திருந்தான். ஸ்டாண்டு போட்டு, மூன்று பக்கமிருந்து கோணம் வைத்து, சட்டைப் பொத்தான் போடத் தோற்றுப்போகிற விரல், நடுப்பகலில் கல்லாய்த் தூங்குகிற அசதி, பாத்ரூம் வாசலில் நேரம் தவறிப்போய் நிற்கிற முகம் என்று எதையும் விடாமல் எடுத்து, அவன் தடுக்கி விழுகிற இடத்தில் பழக்கதோஷத்தில் ரோஜா இதழ் கொட்டுகிற எஃபெக்டும் நாதஸ்வரமும் சேர்த்திருந்தான். கல்யாண வீடியோக்காரனுக்கு வேறு என்ன தெரியும்.

படம் முடிந்ததும் எல்லோருடைய காலும் அவரவரிடம் திரும்பி வந்தது. வந்த காலோடு எழுந்து முதல் வேலையாகச் சமையல்காரரைத் தூணில் கட்டினார்கள். மண்டபத்துக்குச் சொந்தக்காரரும், ஊர்க் கமிட்டித் தலைவரும், எந்தக் கூட்டத்திலும் கடைசியாகப் பேசுகிறவருமான தவசிக்கனி அண்ணாச்சி, மண்டபத்தின் பெயர் கெட்டுப்போகுமே என்று, ராஜகனி சொன்னதைக் கேட்டுக் கமிட்டி ஆட்களை மட்டும் உட்காரவைத்துப் படத்தை மறுபடி போட்டார். கமிட்டி சரிந்தது. சொரிமுத்து வெளியே சைக்கிள் ஓட்டினான். சமையல்காரரை அவிழ்த்துவிட்டார்கள். ஆச்சரியப்பட்டவர்கள் என்று யாரும் இல்லை. குடிதண்ணீர்க் குழாயில் தண்ணீர் வந்த அன்றைக்குத்தான் புதுக்கிணறு கடைசியாக ஆச்சரியப்பட்டது.

விஷயம் இதுதான். படத்தில் என்ன இருக்கிறதோ அது ஓடுகிற வரைக்கும் பார்க்கிறவர்களுக்குப் போகும், சொரிமுத்தை விட்டுவிடும். தலை கூடக்கூடப் பங்கு குறையும். மண்டபம் நிறைந்தால் ஆளுக்குக் கொஞ்சம் கால் மரப்பு, கொஞ்சம் கண் மங்கல், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற மாதிரி அசதி. நாலு பேர் மட்டும் பார்த்தால் படம் முடிகிற வரைக்கும் நாலு பேரும் நாலு காலில்தான் தவழ வேண்டும்.

இதை வைத்து ஊர் என்ன செய்யும்? நல்ல மனது உள்ள ஊராக இருந்தால், பாவம் ஒரு மனுசன், வாரம் ஒரு நாள் நாம் சுமப்போம் என்று உட்காரும். புதுக்கிணறும் உட்கார்ந்தது. ஆனால் அதற்கு முதலில் டீக்கடைப் பூமயில் தன் மகன் போலீஸ் வேலைக்குத் தேறவேண்டும் என்று வேண்டிக்கொண்டு மஞ்சள் சேலை கட்டிப் படத்தை முழுசாகப் பார்க்க வேண்டியிருந்தது. மகன் தேறினான். அவன் மாசக்கணக்காகக் கண்மாய்க் கரையில் ஓடியதையும், கண் சிவக்கப் படித்ததையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. படிக்கிறவன் என்றைக்குத் தேறினான், வேண்டுதல்தான் தேறும்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் காலையில் தவசிக்கனி மண்டபத்தில் படம். செருப்பை வெளியே விட வேண்டும். திரைக்குத் தேங்காய் உடைக்க வேண்டும். மாப்பிள்ளை அமையாதவர்கள் இடது பக்கம், பிள்ளை இல்லாதவர்கள் வலது பக்கம், பட்டா கிடைக்காதவர்கள் நடுவில். அலகு குத்தினால் ரத்தம் வருகிறது, தீ மிதித்தால் கொப்புளம் வருகிறது, இதில் ஒன்றும் இல்லை, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தே நேர்த்திக்கடன் முடிந்துவிடுகிறது என்று பக்கத்து ஊர்க்காரர்களும் வேன் பிடித்து வந்தார்கள். வெளியே வந்ததும் பேச்சைப் பார்க்க வேண்டுமே. "நான் பொத்தான் சீன் வரைக்கும் அசையலியே." "நீ கண்ணை மூடியிருந்தே, நான் பாத்தேன்." "எனக்குத் தொடை வரைக்கும் மரத்துச்சு, எங்க அண்ணிக்குக் கணுக்கால்தான், மனசு சுத்தமா இருந்தாத்தானே ஏறும்." சில பேர் மட்டும் காலைத் தடவிக்கொண்டே சொரிமுத்திடம் வந்து, "இதையா வே இத்தன நாளு வச்சிட்டு அலைஞ்சே?" என்று கண் கலங்குவார்கள். பூமயில் கடைக்குப் போய் ஒரு டீ குடிப்பதற்குள் கால் மரத்ததே மறந்துவிடும். கால் மறந்தால் கண்ணும் காய்ந்துவிடும். "பாவந்தான், ஆனா குடியையும் கொஞ்சம் கொறைக்கலாம்" என்பார்கள்.

சொரிமுத்துக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை. வெள்ளிக்கிழமை அவனுக்கு வேறு வேலை இருந்தது. தானாகப் பாத்ரூமுக்குப் போய், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஒரு காரணமும் இல்லாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். சட்டைப் பொத்தான்களைப் போட்டான், அவிழ்த்தான், மறுபடி போட்டான். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு வழியே வந்து பெண்களிடம் ஏச்சு வாங்கினான். ராஜகனி தூங்கினாள். மற்ற நாளெல்லாம் அவனைத் தூக்கி, நிறுத்தி, நடத்தி, துடைத்து, நடுநடுவே பீடிக் கம்பெனிக்குப் பீடியும் சுற்றுகிறவள், வெள்ளிக்கிழமை படம் ஆரம்பித்ததும் தலையணைகூட எடுக்காமல் அப்படியே தரையில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டினான். கல்யாணமாகி அவன் அவளுக்குச் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று அவளே பிறகு சொன்னாள்.

நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மண்டபத்தில் கக்கூஸ் இரண்டே இரண்டு என்பதுதான் பிரச்சினை.

பாத்ரூம் காட்சி வந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் எழுந்து அந்த இரண்டு கதவை நோக்கிப் போனது. பட்டுச்சேலைகளும் பட்டு வேட்டிகளும் என்ன ஆயின என்பதை நாகரிகம் கருதிச் சொல்லாமல் விடலாம், ஆனால் சலவைக்காரருக்கு அது நல்ல வாரம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானதிரவியம் சார் கமிட்டியில் எழுந்து, "பெண்கள், குழந்தைகள் பார்க்கும் படத்தில் இத்தகைய காட்சிகள் தேவையா?" என்றார். தேவையில்லை என்று தீர்மானம் போட்டு, சொரிமுத்தைக் கூப்பிட்டு, "வெட்டிரு தம்பி" என்றார்கள். வெட்டினான். அடுத்த வெள்ளிக்கிழமை கால் ஓடியது, கை ஓடியது, ஆனால் பாத்ரூம் சங்கடம் மட்டும் எங்கேயும் போகாமல் அவனிடமே இருந்தது. எதை வெட்டுகிறார்களோ அது அவனுக்கு.

பிறகு, மத்தியானத் தூக்கக் காட்சி இழுவையாக இருக்கிறது, ஜனங்கள் கொட்டாவி விடுகிறார்கள் என்றார்கள். வெட்டினான். அசதி அவனிடமே தங்கியது. கண் காட்சி ஓடுகிற நேரம் போனில் சீரியல் இரண்டிரண்டாகத் தெரிகிறது, மருமகள் யார் மாமியார் யார் என்று புரியவில்லை என்றார்கள். கண்ணும் தங்கியது. பொத்தான் போடுவதை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது என்றார்கள். விரலும் தங்கியது. கடைசியில் இடது கால் மட்டும், ரோஜா இதழோடும் நாதஸ்வரத்தோடும், சின்னதாக, அழகாக, எல்லோரும் அழுதுவிட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போகிற மாதிரி மிஞ்சியது. ஊரால் தாங்க முடிந்த நோய் அவ்வளவுதான்.

"ரொம்ப சோகமா இருக்கே, நல்லதா ஒண்ணு சேரு" என்று ஞானதிரவியம் சார்தான் மறுபடி எழுந்தார். சொரிமுத்து நன்றாக விசிலடிப்பான், வேலை செய்யும்போது நாதஸ்வரக்காரரோடு போட்டி போட்டு அடிப்பான். அதை எடுத்துச் சேர்த்தான். அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் மொத்தமும் விசிலடித்துக்கொண்டே வெளியே வந்தது, பல் இல்லாதவர்கள்கூட. சொரிமுத்து உதட்டைக் குவித்தான். காற்று வந்தது. படம் முடிந்ததும் கால் மரப்பு விசுவாசமாக அவனிடம் திரும்பி வந்து சேர்ந்தது, விசில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நோயைத் திருப்பிக் கொடுக்க ஆயிரம் பேர் வருவார்கள், நல்லதை எவன் திருப்பிக் கொடுத்தான். இன்றைக்கும் புதுக்கிணற்றில் மாடு மேய்க்கிறவன் முதல் மைக் செட்காரன் வரை பிரமாதமாக விசிலடிப்பார்கள். யாரிடம் படித்தாய் என்று கேட்டால் பிறவி என்பார்கள்.

கோயில் கொடைத் திருவிழா வந்தது. தவசிக்கனி அண்ணாச்சி கையில் ஆப்பிளோடு வீடு தேடி வந்தார். ஆப்பிள் வந்தாலே ஏதோ வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

"தம்பி, கொடைக்கு வெளியூர் சனமெல்லாம் வருது. படத்துக்கு ஒரு முடிவு வேணும்லா? விழுந்து கெடக்கதோட முடிஞ்சா நல்லாவா இருக்கு? நீ எந்திரிச்சு, கம்பைத் தூக்கி எறிஞ்சிட்டு, நெஞ்ச நிமித்தி நடக்கே. சனத்துக்கு ஒரு நம்பிக்கை வரும்."

"என்னால நடக்க முடியாதே அண்ணாச்சி."

"ஏன் முடியாது? உள்ள படம் ஓடட்டும். ஓடுற நேரம் உன் காலு நல்லாத்தான இருக்கு? வெளிய நின்னு எடுத்துக்கிடுவோம். நானே எடுக்கேன், பட்டனைக் காட்டிக் குடு."

ராஜகனி பீடி சுற்றுகிற சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"அண்ணாச்சி, விசிலு போன மாதிரி நடையும் போயிருமே?"

"ஆமா, பெரிய நடை" என்றார் அண்ணாச்சி. "கம்பு ஊனி, உன் தோளைப் பிடிச்சு, அவன் நடக்கது ஒரு நடையாம்மா? அந்தப் பாதி நடையை வச்சி அவன் என்ன செய்யப் போறான்? ஊர்ல மூட்டு தேஞ்சவங்க எத்தன பேரு இருக்கோம்? ஆளுக்கு ஒரு துளி கெடச்சா எம்புட்டு உபகாரம்." சொல்லிக்கொண்டே தன் வலது முழங்காலைத் தடவினார். கட்டிலில் உட்காரும்போதே அம்மாடி என்று சொல்லித்தான் உட்கார்ந்திருந்தார். "ஏ சொரிமுத்து, வாராவாரம் உன் காலை நாங்க சுமக்கலியா? நான் ஒரு வாரம் தவறியிருக்கேனா? சொல்லு."

அது உண்மைதான். தவறியதில்லை. முதல் வரிசையில், இரண்டு திண்டு வைத்து, சாய்ந்து உட்கார்ந்து சுமந்தார். சுமந்தவர் சுமந்தவர்தான்.

"முடியாதுன்னா சொல்லிரு" என்று அண்ணாச்சி எழுந்தார், மறுபடி அம்மாடி. "மண்டபத்துல முகூர்த்தம் நெறைய இருக்கு. வெள்ளிக்கிழமையும் கேக்காங்க."

அவர் போன பிறகு சொரிமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "முடியாதுன்னு சொன்னா ஒனக்கு வெள்ளிக்கிழமை தூக்கம் போயிருமே" என்றான்.

ராஜகனி பீடி இலையை வெட்டிக்கொண்டே சொன்னாள். "இப்ப பாதி ஆளைத் தூக்குதேன். நடையைக் குடுத்துட்டு வந்தீங்கன்னா முழு ஆளையும் தூக்கணும். உங்க எடை எனக்குத் தெரியும், அண்ணாச்சிக்குத் தெரியாது. தூங்குறதை நான் செத்த பெறகு தூங்கிக்கிடுதேன். ஆப்பிளை எடுத்துத் திங்கிங்களா, நான் திங்கட்டா?"

கொடை வெள்ளிக்கிழமை காலையில் மண்டப வாசலில் வாழைமரத்துக்குக் கீழே ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதில் சொரிமுத்தை உட்காரவைத்து, கம்பைக் கையில் கொடுத்து, புது வேட்டி கட்டிவிட்டு, நெற்றியில் பெரிதாகத் திருநீறு பூசியிருந்தார்கள். மேளக்காரர்கள் ஒரு பக்கம், கமிட்டி ஒரு பக்கம். உள்ளே கூட்டம் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. நாதஸ்வரம் கேட்டது, உள்ளே எல்லோருடைய காலும் மரக்க ஆரம்பித்தது, வெளியே சொரிமுத்தின் இடது கால், மேலே ஏறி உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போன மாதிரி, லேசாகிவிட்டது. பாதத்துக்குக் கீழே மண்ணின் சூடு தெரிந்தது. பெருவிரலை மடக்கினான், மடங்கியது.

நடக்க வேண்டும் என்று இருந்தது. பொய் சொல்ல என்ன இருக்கிறது, பயங்கரமாக இருந்தது. இத்தனை பேர் பார்க்க, குடிகாரன் என்று சொன்ன அத்தனை வாயும் பார்க்க, நேராக, ஒரு கோடு கிழித்த மாதிரி நடக்க வேண்டும் என்று அந்தக் கால் குதித்தது. எதிரே ஸ்டாண்டில் அவனுடைய கேமரா, சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டு. அதற்குப் பின்னால் தவசிக்கனி அண்ணாச்சி. கண் காட்சியை வெட்டிவிட்டதால் அவனுக்கு இரண்டு அண்ணாச்சி தெரிந்தார்கள். இரண்டு பேரும் ஆயுசில் ஒரு தடவையாவது சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்ட வார்த்தையைத் தொண்டை கிழியச் சொன்னார்கள்.

"ஆக்‌ஷன்!"

மேளம் கொட்டியது. சொரிமுத்து இடது காலைத் தூக்கினான். கையால் பிடிக்காமல், பல்லைக் கடிக்காமல், காலாகவே தூக்கினான். தூக்கின காலைத் தரையில் வைக்கவில்லை. வலது முழங்காலுக்கு மேலே கொண்டுபோய்ப் போட்டான். போட்டுவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, பாதத்தை மெதுவாக ஆட்டினான்.

மேளம் நின்றது. தவசிக்கனி அண்ணாச்சிக்கு முன்னால் அந்த ஊரில் யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை. அவருடைய மருமகன் தாசில்தார், அவர்கூட உட்கார்ந்ததில்லை.

"ஏல, காலை எடுல" என்றார் அண்ணாச்சி.

"படத்துல நல்லதா ஒண்ணு வேணும்னீங்களே அண்ணாச்சி" என்றான் சொரிமுத்து. "இதைக் குடுக்கேன். இது எனக்குத் திரும்பி வராட்டியும் பரவால்ல."

அண்ணாச்சிக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தபோது முகம் வெளுத்தது. கொடைக்கு வந்த சனம் மொத்தமும், உள்ளூரும் வெளியூரும், கூலிக்காரனும் குத்தகைக்காரனும், பூமயிலும் அவள் போலீஸ் மகனும், இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, தன் எதிரே வரிசையாகக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து பாதத்தை ஆட்டுகிற காட்சி அவர் கண்ணுக்கு முன்னால் ஓடியது, அதுவும் திரும்பிப் போகாத மாதிரி. "நிறுத்து, நிறுத்து, எதை அமுக்கினா நிக்கும்?" என்று கேமராவின் எல்லாப் பட்டனையும் அமுக்கினார். ஓடவைக்கிற பட்டனை மட்டும்தான் சொரிமுத்து அவருக்குக் காட்டிக் கொடுத்திருந்தான், எடுத்ததை வெட்டத் தெரிந்தவனும் ஊரில் அவன் ஒருவன்தான். சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டே இருந்தது.

எந்திரி என்றார். கம்பை வீசு என்றார். நட, சிரி, கும்பிடு என்றார். வெள்ளிக்கிழமையே இனிமேல் கிடையாது என்றார். பிறகு குரலை இறக்கி, தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும், அந்தக் காலை மட்டும் கீழே போட்டுரு என்றார்.

சொரிமுத்து போடவில்லை.